முதல் ஆட்டத்தைக் கற்பித்தல்: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடக்கநிலை நூல்களும் சிறார் ஆட்டக்காரர்களும் (1972–1983)

திறவுச்சொற்கள்: பாத்திரமேற்பு விளையாட்டு, ஆட்ட நடுவர், தொடக்கநிலைப் பெட்டி, குடும்ப ஆட்டம், வாய்மொழி மரபு

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆட்ட நடுவர் ஒருவர் விவரிக்கும் கற்பனை உலகினுள் ஏனையோர் பாத்திரங்களாகப் புகுந்து, தம் செயல்களைச் சொற்களால் கூறி, ஐயமான இடங்களில் பகடை உருட்டி முடிவு காணும் ஆட்டமே பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையின் முதல் வணிக வெளியீடாகக் கருதப்படுகிறது. இதன் தொடக்கநிலை நூல்களின் வரலாற்றை விதிகள் எளிமையாக்கப்பட்ட வரலாறாகக் காண்பதே வழக்கம். அப்பார்வை போதுமானதன்று. விதிகளைக் காட்டிலும், முதல் ஆட்டத்தைக் கற்பிப்பவர் யார் என்பதிலேயே பெரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது.

மினசோட்டாவின் இரட்டை நகரப் பகுதியில் தாம் நடத்திவந்த பிளாக்மூர் ஆட்டத்தை டேவ் ஆர்னெசன் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவாவுக்குச் சென்று கேரி கைகாக்ஸுக்கு நேரில் நடத்திக் காட்டினார். அதன்பின் விதிகளை எழுதத் தொடங்கிய கைகாக்ஸ், தாம் வரைந்த கிரேஹாக் கோட்டையின் நிலவறைக்குள் முதலில் அனுப்பியது தம் பிள்ளைகள் எர்னி, எலிஸ் ஆகிய இருவரையே. கிரேஹாக்கின் முதல் ஆட்டம் ஒரு குடும்ப ஆட்டமாகவே நிகழ்ந்தது.

அச்சு நூல் இதனைப் பிரதிபலிக்கவில்லை. 1974இல் ஆயிரம் படிகள் அச்சான மூன்று சிறு நூல்களும், சிறு போர்வீரர் உருவங்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டில் முன்னரே பழகியோரை நோக்கியே எழுதப்பட்டன. சண்டை விதிகளுக்கு 1971இல் வெளிவந்த செயின்மெயில் என்னும் வேறொரு நூலையும் அவை சார்ந்திருந்தன. ஆடத் தெரிந்த ஒருவரின் அருகில் அமர்ந்து கற்பதே நடைமுறையில் எளிய வழியாக இருந்தது. நூல் இருந்தும் கல்வி வாய்மொழியாகவே நடந்தது எனலாம்.

நரம்பியல் மருத்துவரான எரிக் ஹோம்ஸ் 1977இல் தொகுத்த தொடக்கநிலை நூல், முதல் மூன்று நிலைகளுக்கான விதிகளை மட்டும் ஒழுங்குபடுத்தித் தந்தது. எனினும் அதன் பெட்டி, பெரியவர்களுக்கான விளையாட்டு என்றே தன்னை அறிவித்துக்கொண்டது. டாம் மோல்ட்வே பதிப்பித்த 1981ஆம் ஆண்டுப் பெட்டியோ, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு எனக் கூறிவிட்டு, பத்து வயது முதல் என்றும் சேர்த்துக்கொண்டது. பத்து வயதுப் பெரியவர் யார் என்ற வினா பதிப்பாளருக்கு எழாமற்போனது வியப்பே.

1983இல் பிராங்க் மென்ட்சர் திருத்திய சிவப்புப் பெட்டியின் விதிகள் 1981ஆம் ஆண்டு விதிகளிலிருந்து பெரிதும் வேறுபட்டவை அல்ல. வேறுபட்டது அவை சொல்லப்பட்ட வரிசையே. ஆட்டக்காரர் நூல் விதிப்பட்டியலுடன் தொடங்கவில்லை. வாசகரை முன்னிலையில் விளித்து, அவரை ஒரு வீரராக்கிக் குகைக்குள் அழைத்துச் செல்கிறது. பாம்பு கடிக்கும்போது உயிர்ப்புள்ளி என்பது இன்னதென விளங்குகிறது. அலீனா என்னும் சமயப் பணிப்பெண் காயத்தை ஆற்றி, உலக நடைமுறைகளை உரையாடலினூடே விளக்குகிறாள். பின்னர் பார்கிள் என்னும் மந்திரவாதியின் மந்திரத்தால் அவளே இறக்கிறாள். ஆடத் தெரிந்த ஒருவர் அருகிலிருந்து செய்த கற்பித்தலை இங்கு ஒரு கதைமாந்தர் ஏற்கிறார். அவளது இறப்பும் பாடத்தின் பகுதியே: பாத்திரங்கள் இறக்கக்கூடும் என்பதைச் சிறுவர் தனியே படிக்கும் நூல் மறைக்கவில்லை.

நடுவருக்கான இரண்டாம் நூலும் இம்முறையையே பின்பற்றுகிறது. அதிலுள்ள முதல் குழு ஆட்டத்தின் தொடக்கப் பகுதிகளுக்கு, ஆட்டக்காரர்களுக்கு உரக்கப் படித்துக்காட்ட வேண்டிய பத்திகள் ஆயத்தமாகத் தரப்பட்டுள்ளன. நிலவறையின் கீழ்த்தளங்களில் விவரம் குறைந்து, இறுதியில் நடுவரே படைத்து நிரப்பவேண்டிய நிலை வருகிறது. மைக் கார் எழுதி 1970களின் இறுதியில் ஹோம்ஸ் பெட்டியுடன் விற்கப்பட்ட ஆட்டநூலிலும் அறைகளில் வைக்கவேண்டிய உயிரிகளையும் செல்வங்களையும் புதிய நடுவரே பட்டியலிலிருந்து தேர்ந்து எழுதுவதற்கு இடம் விடப்பட்டிருந்தது. ஆயின் அங்கு அப்பணி முதல் அறையிலேயே தொடங்கிவிடுகிறது. மென்ட்சர் அதனைப் படிப்படியாக ஒப்படைக்கிறார்.

நடுவர் குடும்பத்தில் மூத்தவராக இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை இந்நூலில் இல்லை. 1972இல் தந்தை நடுவராக அமர, பிள்ளைகள் நிலவறைக்குள் இறங்கினர். சிவப்புப் பெட்டியை முதலில் படித்து முடித்த பத்து வயதுச் சிறுமி நடுவராக அமர்ந்து, தன் பெற்றோரை அந்நிலவறைக்குள் அனுப்ப இயலும்.