வடலூர் அடுப்பும் வண்ணார்பண்ணைக் கஞ்சித்தொட்டியும்

பசித்து வந்த ஒருவன் வயிறார உண்டு எழும்போது அவன் முகத்திலே தோன்றும் பொலிவைக் கண்டவர் அதனை எளிதில் மறக்கமாட்டார். மங்கியிருந்த கண் தெளிகிறது. துவண்டிருந்த தோள் நிமிர்கிறது. சற்றுமுன் வாய்திறக்க வலியற்றிருந்தவன் தன் ஊரையும் பேரையும் சொல்லத் தொடங்குகிறான். பிறரை மகிழ்வித்தற்குப் பாட்டுண்டு, கூத்துண்டு, பரிசிலுண்டு. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நம் சைவ உலகில் எதிரெதிர் நின்று வாதாடிய இருவர், அந்த முகப்பொலிவையே நாடி அடுப்பு மூட்டினர். ஒருவர் வடலூர் இராமலிங்க அடிகள். மற்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். அவர்கள் வாதத்தை நம்மவர் நன்கறிவர். அடுப்பைப் பற்றிப் பேசுவார் குறைவு. இம்மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மன்றத்து இளைஞர் கேட்டபோது, பேசாது விட்ட அந்தப் பாதியைப் பேசலாமென்று தோன்றியது.

இருவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழியில் நல்லூரிலே பிறந்தார். பத்து மாதங்கழித்து, 1823ஆம் ஆண்டு ஒக்டோபரில், சிதம்பரத்துக்கு வடமேற்கே மருதூரில் அடிகள் பிறந்தார். இருவரும் சிவனைப் பாடியும் பேசியும் வளர்ந்தவர். இல்லற இன்பத்தை நாடாதவர். அடிகளின் பாடல்களை அவர்தம் மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867இல் ‘திருவருட்பா’ என்ற பெயரோடு அச்சிட்டார். அருட்பா என்னும் பெயர் தேவார திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரியது, பிற்காலத்தார் பாடலுக்கு அதனைச் சூட்டுதல் தகாது என்பது நாவலரின் கட்சி. கண்டனம் எழுந்தது, கண்டனத்துக்குக் கண்டனம் எழுந்தது, 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போயிற்று. அங்கே நடந்ததை இரு தரப்பாரும் தத்தமக்கு உவந்தபடி இன்றும் சொல்வர். தலைவர் இருவரும் மறைந்த பின்னும் சண்டை ஓயவில்லை. நம் புலோலியிற் பிறந்த கதிரைவேற்பிள்ளை அதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சென்னையிலே நடத்தினார். எழுதிய தாளை அடுக்கினால் ஒரு வண்டி கொள்ளும்.

இனி அடுப்புக்கு வருவோம்.

திருவருட்பா அச்சேறிய அதே 1867ஆம் ஆண்டிலே, பிரபவ வருடம் வைகாசித் திங்கள், ஆங்கிலக் கணக்கில் மே 23ஆம் நாள், அடிகள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்துக் குடிகள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை இதற்கெனக் கொடுத்தனர். அவர்கள் சிற்றரசரோ பெருவணிகரோ அல்லர், உழுதுண்ணும் ஊரவர். நாற்பது பேர் ஒப்பமிட்டுத் தந்த பத்திரம் அது. சாலையின் அடுப்பு 21 அடி நீளமுடையது. அன்று மூட்டிய தீ இன்றுவரை அவியவில்லை என்று வடலூரார் பெருமையோடு சொல்வர். வருவோரிடம் சாதி கேட்பதில்லை, சமயம் கேட்பதில்லை, இருப்பிடம் கேட்பதில்லை. அக்காலத்துச் சத்திரங்கள் பலவற்றில் இன்னாருக்கு இன்ன பந்தி என்ற கட்டுப்பாடு இருந்ததை நினைத்துப் பார்த்தாலன்றி, இதன் அருமை நமக்கு விளங்காது.

அடிகள் எழுதிய ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடை நூலை இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் வாசித்தல் நன்று. பாட்டுக்குப் பேர்போன ஒருவர் இத்துணைத் தெளிவாக வசனம் எழுதினாரா என்று வியக்கத் தோன்றும். பசி வந்தால் உடம்பில் என்னென்ன நிகழும் என்பதை ஒரு வைத்தியர் குறிப்பெடுப்பதுபோல அடுக்குகிறார்: கண் குழிவது, காது அடைப்பது, நா உலர்வது, கை கால் சோர்வது. பின்னர் உணவு உள்ளே சென்றதும் அவை ஒவ்வொன்றும் மீள்வதைச் சொல்லுகிறார். பசி நீங்கிய வேளையில் அகத்திலும் முகத்திலும் விளங்கும் இன்பத்தைக் கடவுளின்பத்தோடு சேர்த்தே பேசுகிறார். ஈந்தவனுக்கு அதனைக் காண்பதால் வரும் மகிழ்ச்சியையும் அதனோடு சேர்க்கிறார்.

அந்நூலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறொன்று. நம்மிடையே இன்றும் உலவும் ஒரு கேள்வியை அவரே எழுப்புகிறார். பசித்திருப்பவன் முன்வினைப் பயனால், கடவுள் ஆணைப்படி, அத்துன்பத்தை நுகர்கிறான். அதை நாம் தீர்ப்பது அந்த ஆணைக்கு மாறாகாதா? அவர் தரும் விடை எளியது. குற்றஞ்செய்து சிறைப்பட்டவனுக்கும் அரசன் தன் சேவகரைக் கொண்டு சோறு கொடுப்பிக்கிறான் அல்லவா? அவ்வாறிருக்க, சோறிடுபவன் அரசன் ஆணைக்கு மாறாக நடந்தவனாவது எப்படி? வினையைக் காட்டிக் கையை மடக்கிக்கொள்பவருக்கு இதைவிட மென்மையாகவும் வன்மையாகவும் விடை சொல்லல் அரிது.

அடிகள் 1874ஆம் ஆண்டு தைத் திங்களில் மேட்டுக்குப்பத்துத் திருமாளிகையுட் புகுந்தார். அதன்பின் அவரை எவரும் கண்டிலர். இரண்டாண்டு கழித்து வந்தது தாதுவருடப் பஞ்சம். 1876இல் மழை பொய்த்தது. 1877இலும் துன்பம் தொடர்ந்தது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் மாண்டவர் பல இலட்சம். அரசாங்கமும் வாளாவிருக்கவில்லை, கூலிவேலை கொடுத்தது. ஆனால், செலவைச் சுருக்க வந்த றிச்சாட் டெம்பிள் துரை, வேலை செய்யும் ஆண்மகன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஒரு அணாக் காசும் போதுமென்று 1877 தொடக்கத்தில் விதித்தார். மாகாணச் சுகாதார அதிகாரி கோர்னிஷ் என்பவர், இவ்வளவு உண்டு மண் சுமப்பவன் மெலிந்து சாவான் என்று வாதாடினார். சில மாதங்களின் பின் அளவு சற்று உயர்ந்தது. கோர்னிஷும் ஆங்கிலேயரே என்பதை இவ்விடத்திற் சொல்லாது விடுதல் நீதியன்று.

அந்தப் பஞ்சத்தின் நிழல் கடல்கடந்து யாழ்ப்பாணத்திலும் விழுந்தது. நம் குடாநாட்டு நெல் நமக்கு என்றுமே போதியதில்லை. புகையிலை விற்ற காசில் இந்திய அரிசி வாங்கி உண்டவர் நம் முன்னோர். அக்கரையில் விளைவில்லையென்றால் இக்கரையில் உலையில்லை. அரிசி விலை ஏறிற்று. பனை கைவிடாது என்பர். ஏழைகள் ஒடியலையும் பனங்கிழங்கையும் நம்பி நாளோட்டினர். அதன்மேல் வாந்திபேதியும் பரவியது. பசியால் நலிந்த உடம்பை அந்நோய் விட்டுவைக்குமா?

அப்பொழுது நாவலருக்கு வயது ஐம்பத்தைந்தை நெருங்கியிருந்தது. தமிழகத்துப் பணிகளை முடித்து ஊர் திரும்பி ஏழாண்டு சென்றிருந்தன. சைவப் பள்ளிக்கூடம், அச்சியந்திரசாலை, பிரசங்கம், கண்டனம் என்று ஓடியவர், பொருளுடையாரிடம் சென்று பணமும் அரிசியும் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கினார். தொட்டியிற் காய்ச்சிய கஞ்சியைப் பசித்து வந்தோர்க்கு வார்க்கும் ஏற்பாடு அது. மணிமேகலைக்கு மணிபல்லவத்திலே அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைத்ததாகக் காப்பியம் கூறும். அம்மணிபல்லவம் நம் நயினாதீவே என்று கொள்வாரும் பலர். நாவலருக்கு அத்தகைய பாத்திரம் வாய்க்கவில்லை. இன்று காய்ச்சிய அரிசிக்கு நாளை மீண்டும் ஒருவர் வாசலில் நிற்கவேண்டும். சொற்போரில் எவருக்கும் தலைவணங்காத ஒருவர், ஊரார் பசிக்காகக் கைநீட்டினார் என்பதே என் மனத்தைத் தொடுகிறது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. வட மாகாண அரசாங்க அதிபராயிருந்த துவைனந்துரை பஞ்சகாலத்தில் மக்கள் துயரைத் தக்கபடி கவனிக்கவில்லை என்று கருதியவர், ‘துவைனந்துரை’ என்ற பெயராலேயே ஒரு கண்டனம் எழுதி வெளியிட்டார். கஞ்சி வார்த்த கையே எழுதுகோலையும் பிடித்தது. இரக்கமென்றால் மெல்லிய குரலில் பேசுவது என்று எண்ணுவோர்க்கு இது வியப்பாயிருக்கலாம். கோபமில்லாத இரக்கமும் உண்டு. கோபத்தோடு கூடிய இரக்கமும் உண்டு. நாவலருடையது இரண்டாம் வகை.

கருணையிலே இருவரும் ஒன்றுபட்டனர் என்று சொல்லி வாதத்தை மூடிமறைக்க நான் முற்படவில்லை. அடிகள் எல்லா உயிரையும் ஒன்றாகக் காணும் சமரசத்தின் வழியே அடுப்பை அடைந்தார். வருணத்தையும் ஆகமத்தையும் பின்னாளில் விலக்கினார். நாவலர் சைவாசாரத்தின் வரம்பினுள் நின்று, அதன் தருமமாகவே கஞ்சியைக் கண்டார். அவருடைய வரம்புகளில் சில இன்று நமக்கு ஒவ்வா; சாதியைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கையை இளைஞர் வினவினால் பெரியோர் நேர்மையோடு விடையிறுக்க வேண்டும். இருவரும் கருத்துவேற்றுமை தீராமலே மறைந்தனர். ஆனால் வடலூருக்கும், நாவலர் 1864இல் பள்ளிக்கூடம் அமைத்த சிதம்பரத்துக்கும் இடையே உள்ள தூரம் ஏறத்தாழ 25 மைல்தான். அந்த 25 மைலை வாதத்தால் கடக்க முடியவில்லை. பசியோ கடலையே கடந்து வந்து, இருவர் கையிலும் அகப்பையைக் கொடுத்தது.

கஞ்சி என்ற சொல்லுக்கு நம் நாட்டில் இப்போது வேறொரு நினைவும் சேர்ந்துவிட்டது. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்தோர் உப்பிட்ட அரிசிக்கஞ்சியால் உயிர்பிடித்திருந்தனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் இளைஞர் வீதியோரங்களிலே அக்கஞ்சியைக் காய்ச்சி வழிப்போக்கருக்கு வார்க்கின்றனர். அந்த மாதத்திற்றான் வடலூர்ச் சாலையின் தொடக்கநாளும் வருகிறது, இது தற்செயலே.

நாவலர் 1879ஆம் ஆண்டு திசெம்பர் 5ஆம் நாள் மறைந்தார். கஞ்சித்தொட்டிக்குப் பின் இரண்டாண்டே வாழ்ந்தார். அருட்பாச் சண்டையின் கண்டனங்கள் அண்மையிலே திரட்டப்பெற்றுப் பெருந்தொகுதியாக அச்சேறியுள்ளன; யார் யாரை எப்படி ஏசினார் என்பது பக்க எண்ணோடு கிடைக்கும். வடலூருக்கு நிலங்கொடுத்த நாற்பது பேரின் ஒப்பம் ஒரு பத்திரத்தில் இருக்கிறது. வண்ணார்பண்ணையில் விறகு பிளந்தவரும், தொட்டியைக் கழுவியவரும், கோப்பை இல்லாமல் வந்த கிழவிக்குப் பனையோலைப் பிளாவைக் கோலிக் கொடுத்தவரும் எந்த ஏட்டிலும் ஒப்பமிடாமல் வீடு திரும்பியிருப்பர்.