உள்தகவல் வணிகம்: இந்தியாவில் ஊழியர்களுக்கான விதிகள்

ஒரு நிறுவனத்தைப் பற்றி இன்னும் வெளியே வராத, வந்தால் பங்கு விலை ஏறவோ இறங்கவோ செய்யும் தகவலைத் தெரிந்துகொண்டு அந்தப் பங்கை வாங்குவதும் விற்பதும் உள்தகவல் வணிகம் எனப்படும். சந்தை வட்டாரத்தில் ‘இன்சைடர் டிரேடிங்’ என்றே வழக்கு. இந்தியாவில் இதற்கான விதிகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 1992-ல் கொண்டுவந்தது. நீதிபதி என். கே. சோதி தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி எழுதப்பட்ட 2015-ஆம் ஆண்டு விதிமுறைகள், பல திருத்தங்களுடன் இப்போது நடப்பில் உள்ளன.

இவை முதலாளிகளுக்கும் இயக்குநர்களுக்கும் மட்டுமானவை என்ற எண்ணம் அலுவலகங்களில் பரவலாக உண்டு. அது தவறு. நிறுவனத்தோடு தொடர்புள்ள எவரும், வெளிவராத தகவலை அறிந்த எவரும் ‘இன்சைடர்’தான். வேலையை விட்டு ஆறு மாதம் ஆகாதவரும் தொடர்புள்ளவராகவே கருதப்படுவார். காலாண்டு முடிவுகள், டிவிடெண்ட், இணைப்பு, கையகப்படுத்தல், உயர் அதிகாரிகள் மாற்றம் போன்றவை இத்தகைய தகவல்கள். 2025-ல் இந்தப் பட்டியல் மேலும் நீண்டது. அடிப்படைத் தடைக்குத் தொகை வரம்பு கிடையாது. ஒரே ஒரு பங்கு வாங்கினாலும் மீறல் மீறலே.

தகவல் எட்டக்கூடிய ஊழியர்களை நிறுவனமே பெயர் குறித்துப் பட்டியலிட வேண்டும். தலைமைச் செயல் அதிகாரிக்குக் கீழே இரண்டு படிநிலை வரை உள்ளவர்கள் எந்தப் பிரிவில் இருந்தாலும் இதில் சேர்வார்கள். அதற்குக் கீழே பதவியைவிடக் கையாளும் வேலைதான் கணக்கு. போர்டு மீட்டிங் கோப்பைத் தட்டச்சு செய்யும் செயலக உதவியாளரும், அந்தக் கோப்பு இருக்கும் சர்வரைப் பராமரிக்கும் ஐ.டி. ஊழியரும் பட்டியலுக்கு வரலாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு முன் அனுமதி போன்ற நடைமுறைகள் இல்லையே தவிர, தகவல் தெரிந்தபின் வணிகம் செய்யக்கூடாது என்ற தடை அவருக்கும் உண்டு.

பட்டியலில் உள்ளவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. ஒவ்வொரு காலாண்டும் முடிந்ததும், நிறுவனப் பங்கை வாங்க விற்க அனுமதிக்கும் காலமான ‘டிரேடிங் விண்டோ’ மூடப்படும். முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் கழிந்த பிறகே திறக்கும். மார்ச் 31-இல் ஆண்டு முடிந்து, மே 20-இல் முடிவுகள் வந்தால், ஏப்ரல் முழுக்கவும் மே மாதத்தின் பெரும்பகுதியும் கை கட்டியிருக்க வேண்டியதுதான். கடைசி நாள் வரை இழுத்து முடிவுகளை வெளியிடும் நிறுவனத்தில் ஆண்டில் பாதிக்கு மேல் இப்படியே போய்விடும். மூடிய காலத்தில் அந்த ஊழியரின் பான் எண்ணில் அந்த ஒரு பங்கை மட்டும் முடக்கிவைக்கும் முறையைச் செபி 2022-ல் தொடங்கிப் படிப்படியாக விரிவாக்கியது. மறந்துபோய் ஆர்டர் போடுகிறவர்களை இது காப்பாற்றும்.

விண்டோ திறந்திருந்தாலும், நிறுவனம் வகுத்த வரம்பைத் தாண்டும் வணிகத்துக்குக் கம்ப்ளையன்ஸ் அதிகாரியின் முன் அனுமதி தேவை. அனுமதி அதிகபட்சம் ஏழு வணிக நாட்களுக்குச் செல்லும். ஒரு காலாண்டில் வணிக மதிப்பு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இரண்டு வணிக நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது எதிர்வணிகத் தடை. வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் விற்கக்கூடாது. விற்றவர் ஆறு மாதத்துக்குள் வாங்கக்கூடாது. ஊழியர் பங்கு விருப்பத் திட்டமான ஈசாப் இதில் தனி ரகம். ஆகஸ்ட் 1-இல் சந்தையில் 100 பங்கு வாங்கிய ஒருவர், செப்டம்பரில் ஈசாப் மூலம் 200 பங்கு பெறுகிறார் என்று கொள்வோம். அக்டோபரில் விற்பதானால் அந்த 200-ஐ விற்கலாம், விண்டோ திறந்திருக்க வேண்டும். ஆகஸ்டில் வாங்கிய 100-ஐத் தொடக்கூடாது. ஈசாப் பங்கைப் பெறுவது விண்டோ மூடியிருக்கும்போதும் செல்லும், விற்பது செல்லாது. அடிக்கடி சறுக்கும் இடம் இதுவே.

தகவல் கையில் இருக்கும்போது விற்றால், எதற்காக விற்றார் என்பதை விதி பொருட்படுத்துவதில்லை. மகள் கல்யாணம், வீட்டுக்கடன், ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் தானாகவே விலக்கு ஆகாது. அபிஜித் ராஜன் வழக்கில், நெருக்கடியில் இருந்த தாய் நிறுவனத்துக்குப் பணம் திரட்ட விற்றவரை 2022-ல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது உண்மை. ஆனால் அது பழைய 1992 விதிகளின் கீழ் எழுந்த வழக்கு. சாதாரண ஊழியர் அதை நம்பி இறங்குவது புத்திசாலித்தனமாகத் தோன்றவில்லை.

மனைவி பெயரில் இருக்கும் டீமேட் கணக்கும் பாதுகாப்பான இடமில்லை. வாழ்க்கைத் துணை, பொருளாதார ரீதியில் சார்ந்திருக்கும் அல்லது பங்கு வாங்க விற்க யோசனை கேட்கும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோருக்கும் நடத்தை விதிகள் பொருந்தும். தகவலைச் சொல்வதே தனிக் குற்றம்; சொன்னவர் ஒரு பைசா சம்பாதிக்காவிட்டாலும் சிக்குவார். ஆனால் உறவை மட்டும் காட்டித் தகவல் கைமாறியதாக முடிவுகட்ட முடியாது, தக்க சான்று வேண்டும் என்று பல்ராம் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-ல் கூறியது.

செபி சட்டத்தின் 15ஜி பிரிவின்படி அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். 25 கோடி அல்லது ஈட்டிய லாபத்தின் மூன்று மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம். குற்ற வழக்கானால் பத்து ஆண்டு வரை சிறை. எதிர்வணிகத்தில் கிடைத்த லாபத்தை நிறுவனம் பறித்துச் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கட்ட வேண்டும். சம்பளப் பிடித்தம், பதவி உயர்வு நிறுத்தம் போன்ற உள்நடவடிக்கைகள் தனி.