ஷிராஸ் திராட்சையின் பிறப்பிடம்

ஒரு பொருளின் பெயரைக் கொண்டே அதன் பிறப்பைத் துணிந்துவிடலாம் என்னும் எண்ணம் கற்றோரிடத்தும் மற்றோரிடத்தும் உண்டு. மிளகாய் என்னும் சொல்லில் மிளகு இருக்கிறது. ஆயினும் மிளகாய்ச் செடிக்கும் மிளகுக் கொடிக்கும் இனத்தொடர்பு இல்லை. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்கொடி. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. காரம் ஒத்திருந்தமையால் நம் முன்னோர் பழைய பெயரைப் புதிய காய்க்கும் நீட்டி வழங்கினர். பெயர் உறவு வேறு, பிறப்பு உறவு வேறு என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று. இவ்வுண்மையை மறந்தமையால் மேனாட்டார் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிழைபட எண்ணிவந்த செய்தி ஒன்றுண்டு. அது ஷிராஸ் என்னும் கருந்திராட்சையின் வரலாறாகும்.

திராட்சையை நம் புலவர்கள் கொடிமுந்திரி என்றும் வழங்குவர். அதன் வகைகள் பலவற்றுள் செந்நிற மதுவுக்கெனப் பெரும்புகழ் பெற்றவை சிலவே. அவற்றுள் ஒன்றைப் பிரெஞ்சுக்காரர் சிரா என்பர். ஆஸ்திரேலியர் ஷிராஸ் என்பர். பெயர் இரண்டாயினும் கொடி ஒன்றே. இதன் பழத்தோல் நீலம் படர்ந்த கருமை உடையது. சாற்றுக்கு நிறமில்லை, தோலும் சாறும் ஒருங்கே புளிக்கும்போது தோலிலுள்ள நிறமும் துவர்ப்பும் மதுவில் இறங்குகின்றன. ஆகவே இம்மது அடர்ந்த நிறமும் அழுத்தமான சுவையும் உடையதாகிறது. இதன் தனிச்சிறப்பு மிளகு மணமாகும். அம்மணத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்னும் பொருளை 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் கண்டறிந்து வெளியிட்டனர். மிளகுக்கு மணம் தருவதும் அதே பொருள்தான். ஏறத்தாழ ஐவரில் ஒருவரால் அம்மணத்தை உணர முடிவதில்லை என்பதும் அவர்கள் கண்ட செய்தி. குளிர்ந்த நிலத்தில் விளைந்த பழத்தில் மிளகு மணம் மிகும். வெப்ப நிலத்தில் விளைந்ததில் கனிந்த பழத்தின் இனிமை மிகும். இவ்வேறுபாட்டை அறிந்தோரே இதன் சுவையை அறிந்தோராவர்.

இக்கொடி முதலில் புகழ் பெற்ற இடம் பிரான்சு நாட்டில் ரோன் ஆற்றின் இடக்கரையில், டேன் என்னும் ஊரின் மேல் எழுந்துள்ள ஹெர்மிடேஜ் குன்று. துறவியின் உறைவிடம் என்பது அப்பெயரின் பொருள். 13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போரிலிருந்து மீண்ட வீரர் ஒருவர் அக்குன்றில் தவ வாழ்வு மேற்கொண்டார் என்பது அவ்வூர் வழக்கு. குன்றின் மது மிக்க வலிமை உடையது. போர்தோ நகர வணிகர் தம் மதுவுக்கு நிறமும் உரமும் ஊட்டுவதற்கு இதனை வாங்கிக் கலந்தனர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தாமஸ் ஜெபர்சன் 1787இல் தென்பிரான்சில் பயணம் செய்தபோது இவ்வூருக்கும் வந்தார்.

இத்துணைச் சிறந்த கொடி எங்கிருந்து வந்தது? இங்கேதான் பெயர் தன் வேலையைத் தொடங்கியது. பாரசீகத்தில் ஷிராஸ் என்றொரு நகர் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கவிஞர் ஹாபிஸ் பிறந்த ஊர் அது, மதுவுக்கும் பேர்போனது. சிரா என்பது ஷிராஸ் என்பதன் திரிபே என்றும், குன்றில் வாழ்ந்த துறவி அங்கிருந்து கொடியைக் கொணர்ந்தார் என்றும் சிலர் கூறினர். கி.மு. 600 அளவில் மார்செய் நகரை நிறுவிய கிரேக்கர் கொணர்ந்தனர் என்றனர் வேறு சிலர். சிசிலித் தீவின் சிரக்கூஸ் நகரே மூலம் என்றாரும் உளர். மூன்று கதைகளுக்கும் உள்ள பொதுத்தன்மை யாது? ஊர்ப்பெயரின் ஒலியோ தொன்மையின் பெருமையோதான் அவற்றுக்கு அடிப்படை. கொடியை ஆராய்ந்து கூறியவை அல்ல.

கதையைக் கடல் கடக்கச் செய்தவர் ஜேம்ஸ் பஸ்பி என்பவர். 1831இல் அவர் ஸ்பெயினிலும் பிரான்சிலும் பயணம் செய்து நூற்றுக்கணக்கான திராட்சை வகைகளின் தண்டுகளைத் திரட்டி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். அவற்றுள் ஹெர்மிடேஜ் கொடியும் ஒன்று. அக்கொடி பாரசீகத்து ஷிராஸிலிருந்து வந்ததென்னும் ஊர்வழக்கையும் அவர் தம் பயண நூலில் குறித்தார். நாளடைவில் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்னும் பெயரே நிலைத்தது. பெயர் நிலைத்தபின் அப்பெயரே கதைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது! கதை பெயரைத் தர, பெயர் கதையைத் தாங்கியது.

எழுத்துச் சான்றோ இக்கதைக்குத் துணை நிற்கவில்லை. ஹெர்மிடேஜின் சிரா என்னும் குறிப்பு நமக்கு முதலில் கிடைப்பது 1781ஆம் ஆண்டில்தான். அதில் ஷிராஸ் என்னும் வடிவம் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகக் கூறப்படும் வருகைக்கு அக்காலத்து ஆவணம் ஒன்றும் இல்லை.

முடிவான விடையைக் கொடியே தந்தது. ஒவ்வோர் உயிரும் தன் மரபணுவில் ஒரு பாதியைத் தாயிடமிருந்தும் மறுபாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. ஆதலால் பல வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பெற்றோரைக் கண்டறியலாம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியர் கரோல் மெரிடித் குழுவினரும் பிரான்சின் மோன்பெலியே ஆய்வாளரும் இம்முறையில் ஆராய்ந்து 1998இல் உண்மையைக் கண்டனர். சிராவின் பெற்றோர் துரேசா, மோந்தேஸ் பிளான்ஷ் என்னும் இரு வகைகள். துரேசா ரோன் ஆற்றுக்கு மேற்கேயுள்ள ஆர்தேஷ் பகுதியின் கருந்திராட்சை. மற்றது கிழக்கே ஆல்ப்ஸ் மலையடுத்த சவோயின் வெண்திராட்சை. இரண்டும் பெரும்புகழ் பெறாதவை. தென்கிழக்குப் பிரான்சுக்கே உரியவை. பாரசீகமும் சிரக்கூசும் ஒருசேர விலகின. புகழ் பெற்ற குன்றுக்கு அண்மையிலேயே கொடி பிறந்திருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

பெயர்க் குழப்பம் அதனோடு முடியவில்லை. ஆஸ்திரேலியர் இத்திராட்சைக்கு ஹெர்மிடேஜ் என்னும் பெயரையும் வழங்கினர். 1951இல் மாக்ஸ் ஷூபர்ட் என்பவர் முதன்முதல் ஆக்கிய புகழ்மிக்க மது கிரேஞ்ச் ஹெர்மிடேஜ் எனப்பட்டது. ஹெர்மிடேஜ் பிரெஞ்சு இடப்பெயர் ஆதலால் 1990ஆம் ஆண்டு விளைச்சல் முதல் அச்சொல் நீக்கப்பட்டுக் கிரேஞ்ச் மட்டும் நின்றது. கலிபோர்னியாவில் பெத்தீத் சிரா எனப்படுவதோ பெரும்பாலும் சிரா அன்று. துரீப் என்னும் வேறு வகை. அது சிராவுக்குப் பிறந்த சேய் என்பதையும் மரபணு ஆராய்ச்சியே காட்டிற்று. ஒரு கொடிக்கு இரு பெயர், ஒரு பெயரில் இரு கொடி என இருவகை மயக்கமும் இங்கே உள்ளன.

மற்றொரு வியப்பும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டியே அவற்றை மீட்டனர். தென் ஆஸ்திரேலியாவில் அப்பூச்சி புகவில்லை. ஆகவே அங்குள்ள பரோசாப் பள்ளத்தாக்கில் 1840களில் நட்ட ஷிராஸ் கொடிகள் சில, தம் சொந்த வேரிலேயே இன்றும் காய்க்கின்றன. பிறந்த நாட்டில் காணற்கரிய முதிய கொடிகளைப் புகுந்த நாட்டில் காண்கிறோம். ஆயினும் முதுமை கண்டு அதுவே பிறந்த நாடு என்று கூறிவிடலாகாது.

மது அருந்துவோர் இதனால் தம் கோப்பையைத் தெளிவாக அறிவர். அருந்தாத நமக்கும் இதில் படிப்பினை உண்டு. நம்மிடையே இரு மொழிச் சொற்கள் ஒலியால் சிறிது ஒத்தாலே போதும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததென்று மேடையில் முழங்குவோர் உளர். கைதட்டல் உடனே கிடைக்கும். சான்று கேட்பார் அரியர். மாணவரோ ஆசிரியர் கூறியதை அப்படியே ஏட்டில் எழுதிக் கொள்வர். ஒலி ஒப்புமை ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகலாம், முடிவாகாது. சொல் எந்த நூலில் எக்காலத்தில் வந்தது, இடையில் எவ்வடிவங்கள் பெற்றது, பொருள் தொடர்ந்து வந்ததா என்று வினவுதல் வேண்டும். பாரசீகக் கதை பொய்த்ததால் ஷிராஸ் திராட்சையின் சுவை ஓர் அணுவும் குறையவில்லை. அவ்வாறே தமிழின் சிறப்பும் பிழையான பிறப்புக் கதைகளை வேண்டி நிற்பதன்று. வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து 'அதற்குச் சான்று என்ன?' என்று கேட்பாராயின், அவரை ஆசிரியர் பாராட்டுதல் வேண்டும்.