நாலு கீபோர்டு, ரெண்டு கை

எங்க வேங்கிக்கால்ல திருவிழா கச்சேரின்னா மேடையில ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். அவ்வளவுதான். வயலின், புல்லாங்குழல், ஷெனாய் எல்லாம் அந்த ஒரே பெட்டியிலிருந்து வரும். சின்ன வயசுல அந்த அண்ணன்தான் எனக்கு மந்திரவாதி :)

அமெரிக்காவிலும் இப்படி ஒருத்தர் இருந்திருக்கிறார். டிஸ்னி வேர்ல்டில் மைக்கேல் ஐஸ்பெர்க் என்பவர் சின்தசைசர்களை அடுக்கி, தனி ஆளாக இசைக்குழு நடத்திக் கூட்டம் சேர்த்திருக்கிறார். நம்ம ஊரில் இதற்குச் சமமான ஆள் யார் என்று யோசித்தால், தூர்தர்ஷனில் வந்த ஒரு சிறுவன் நினைவுக்கு வருகிறான். பெயர் திலீப்.

சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதில் 'வொண்டர் பலூன்' என்று குழந்தைகளுக்கான நிகழ்ச்சி. திலீப் அதில் ஒரே நேரத்தில் நாலு கீபோர்டு வாசித்துக் காட்டினான்.

ரெண்டு கைக்கு எதுக்கு நாலு? காரணம் இருக்கு. 1970-ல் வந்த மினிமூக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வரும். ஒரு கீபோர்டிலிருந்து இன்னொன்றை இயக்கும் 'மிடி' முறை 1983-ல்தான் வந்தது. அதுவரை நாலு விதமான ஒலி வேண்டுமென்றால் பெரும்பாலும் நாலு கருவியை வைத்துக்கொண்டு கை தாவ வேண்டியதுதான்.

சரி, அந்த வயசுப் பையனுக்கு இத்தனை கருவி எங்கிருந்து பழக்கம்? இங்கேதான் மனசு கனக்கிறது. அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். 1976-ல் இறந்துவிட்டார். பையனுக்கு அப்போது ஒன்பது வயசு. அவர் வாங்கி வைத்திருந்த கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. வாடகைக்குப் போகும் கீபோர்டோடு ஆபரேட்டராகப் பையனும் போனான். வாசிப்பும் வந்தது, ஸ்டுடியோ வேலையும் வந்தது, பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. டிவியில் பார்த்தவர்களுக்கு அது வேடிக்கை. அவனுக்கு அது பிழைப்பு.

அந்தத் திலீப்தான் ஏ.ஆர்.ரஹ்மான் என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். 1992-ல் 'ரோஜா', முதல் படத்திலேயே தேசிய விருது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு காலத்தில் பாட்டுப் பதிவு என்றால் வயலின்காரர்கள் மட்டுமே வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சின்தசைசர் வளர வளர அந்த நாற்காலிகள் குறைந்தன. ரஹ்மான் வந்துதான் இது நடந்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவருக்கு முன்பே, 1986-ல், 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்திவிட்டார். ஆனாலும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட அதே பெட்டிதான் வேறு பல குடும்பங்களின் வேலையை எடுத்துக்கொண்டது.

போன திருவிழாவில் கீபோர்டு அண்ணனைக் காணோம். பென் டிரைவில் டிராக் போட்டுப் பாடினார்கள்.