சாவிக்கொத்தும் ஐந்து விதிகளும்

கல்லூரி நூலகராகச் சேருகிறவர் கைக்கு முதலில் வருவது சாவிக்கொத்து. அடுத்தது அக்சஷன் ரிஜிஸ்டர், வாங்கிய புத்தகங்களின் பதிவேடு. பதிவேட்டில் உள்ளதெல்லாம் அலமாரியில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்ட நிமிஷத்திலிருந்து எந்தப் புத்தகம் காணாமல் போனாலும் அது அவர் தலையில். ஓய்வு பெறும் மாதத்தில் ‘நோ டியூஸ்’ வாங்க முடியாமல் கைக்காசைக் கட்டிவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். இந்த நிலையில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? பூட்டுவான். தஞ்சைப் பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரியில் புத்தகங்கள் இரும்பு பீரோக்களுக்குள் இருந்தன. மாணவன் கவுண்டரில் சீட்டு எழுதிக் கொடுப்பான். அட்டெண்டர் உள்ளே போய், சற்று நேரம் கழித்து வந்து, ‘இல்லை’ என்பார்.

பூட்டுக்கு நெடிய சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் ஹெர்ஃபோர்டு தேவாலயத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய பழைய புத்தகங்களை இன்றும் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கிலி போய் ‘இண்டிகேட்டர்’ வந்தது. கவுண்டரில் நிற்கும் பெரிய பலகை அது. ஒவ்வொரு புத்தக எண்ணுக்கும் ஒரு சிறு துவாரம். ஒரு நிறம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது, மற்ற நிறமென்றால் வெளியே போயிருக்கிறது. வாசகருக்குப் பலகை தெரியும், புத்தகம் தெரியாது. 1894-ல் லண்டன் கிளார்க்கன்வெல் பொது நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் என்ற நூலகர் ஆட்களை அலமாரிகளுக்கு நடுவே நடமாட விட்டார். சக நூலகர்களே சண்டைக்கு வந்தார்கள். திருட்டுப் போகும் என்பதுதான் அப்போதும் வாதம்.

முப்பது வருஷம் கழித்து அந்த லண்டனுக்கு ஒரு சீர்காழிக்காரர் போய் இறங்கினார். கணித ஆசிரியர், பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் பதவிக்கு வந்த விண்ணப்பங்கள் 900 என்பார்கள். ஒருவருக்கும் நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனுக்கும்தான்; நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். 1924 ஜனவரியில் வேலையில் சேர்ந்தார். ஆள் நடமாட்டமே இல்லாத அந்த இடம் சில நாளிலேயே அவருக்குக் கசந்துவிட்டது. பழைய கல்லூரிக்கே திரும்பி வருகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்காவிட்டால் வகுப்பறைக்கே வரலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். நூலகர் பதவிக்குச் சம்பளம் நல்ல சம்பளம் என்பதையும் எங்கள் துறைக்காரர்கள் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பெர்விக் சேயர்ஸிடம் பாடம் கேட்டார். சேயர்ஸ் குரோய்டன் நகர நூலகர். அலமாரிக்குப் பக்கத்தில் நின்று பழகியவர். ரங்கநாதன் அங்கே சுற்றிப் பார்த்த நூலகங்கள் நூறுக்கு மேல். திரும்பி வந்தவர் மறுபடி வகுப்பறைப் பேச்சை எடுக்கவேயில்லை. சென்னையில் அலமாரிகளைத் திறந்துவிட்டார். வேலை நேரத்தை நீட்டினார், விடுமுறை நாளிலும் கதவு திறந்திருந்தது. வாசகருக்குப் பக்கத்தில் நின்று உதவுவதற்கென்றே ஆட்களைப் போட்டார். (சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இதன் துணிச்சல் சட்டென்று புரியாது.)

இதையெல்லாம் செய்தபின்தான் கோட்பாடு வந்தது. செய்கிற வேலைகள் நூறாகச் சிதறிக் கிடக்கின்றன, கணிதத்தில் போல இவற்றுக்கு அடியில் சில விதிகள் இருக்க வேண்டாமா என்பது அவருடைய தவிப்பு. 1928-ல் ஒருநாள் மாலை அவருடைய கணித ஆசான் எட்வர்ட் ராஸ் அறைக்கு வந்தார். தவிப்பைக் கேட்டவர், நூல்கள் பயன்படுத்துவதற்கே, அதுதானே உன் முதல் விதி என்று சொல்லிவிட்டுப் போனாராம். மற்ற நான்கும் அதன்பின் வரிசையாக வந்து விழுந்தன. அந்த டிசம்பரில் சிதம்பரத்தில் நடந்த கல்வி மாநாட்டில் ஐந்தையும் பேசினார். 1931-ல் சென்னை நூலகச் சங்கம் அதைப் புத்தகமாகப் போட்டது.

முதல் விதியை அவர் கட்டட இடம், வேலை நேரம், நாற்காலி, ஊழியர் என்று இழுத்துக்கொண்டே போவார். எனக்கு மூன்றாவது விதிதான் முக்கியம்: ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். பீரோவைப் பூட்டிவிட்டால், தெரிந்த புத்தகத்தை மட்டுமே கேட்க முடியும். தெரியாத புத்தகம் கேட்பாரற்றுக் கிடக்கும். எண்கணிதம் தேடி வந்தவன் பக்கத்தில் இருந்த ராமானுஜன் வாழ்க்கை வரலாற்றை எடுத்துக்கொண்டு போவது திறந்த அலமாரியில்தான் நடக்கும்.

ஆனால் திறந்துவிட்டதும் அடுத்த தலைவலி. பூட்டிய பீரோவில் வாங்கிய வரிசைப்படி அடுக்கினாலும் போதும், அட்டெண்டருக்குத் தெரிந்தால் சரி. ஆள் நடந்து பார்க்கிற இடத்தில் பக்கத்துப் புத்தகம் எது என்பது பெரிய விஷயம். கையில் கிடைத்தது மெல்வில் டூயியின் 1876 தசாம்ச முறை. அதில் மதம் என்ற 200-ல் 220 முதல் 280 வரை கிறித்தவம். நம் சைவம், வைணவம், பௌத்தம், இஸ்லாம் எல்லாம் 290-க்குள் நெருக்கி உட்கார வேண்டும். ஆங்கில இலக்கியம் 820 என்று மூன்று எண்ணில் முடிந்துவிடும், தமிழ் இலக்கியம் 894.811. சீர்காழியில் பிறந்தவருக்கு இது உறுத்தாமல் இருந்திருக்குமா?

லண்டன் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் பார்த்த மெக்கானோ பொம்மைதான் வழி காட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மை. பாடத்தையும் துண்டாக்கி முக்காற்புள்ளியால் இணைத்தார். 1933-ல் வந்த கோலன் பகுப்பு அது. இலக்கியத்துக்கு ஆங்கில எழுத்து ‘ஓ’, தமிழுக்கு 31, கவிதைக்கு 1. ஆசிரியர் பிறந்த ஆண்டும் எண்ணுக்குள் வரும்: 1800களுக்கு ‘எம்’, ஆகவே 1882-ல் பிறந்த பாரதி ‘எம் 82’. கம்பராமாயணத்துக்கும் பாரதிக்கும் நடுவே யார் யார் என்பதை அலமாரி தானாகவே கால வரிசையில் காட்டிவிடும். பயிற்சி வகுப்பில் இந்த எண்ணைக் கட்டப் பழகிய நாட்களில் எனக்கு ஒரு போதையே பிடித்திருந்தது.

போதை தெளிந்தது முதுகில் எண் சீட்டு ஒட்டும்போது. ஒல்லியான புத்தகத்தின் முதுகில் கமா, அரைப்புள்ளி, முக்காற்புள்ளியோடு நீளும் எண்ணை எப்படி எழுதுவது? பதிப்புக்குப் பதிப்பு ரங்கநாதன் மாற்றிக்கொண்டே இருந்தார். அவர் 1972-ல் மறைந்தபின் 1987-ல் வந்த ஏழாம் பதிப்பு அநேகமாக எல்லாவற்றையும் திரும்பப் பகுக்கச் சொன்னது. எந்தக் கல்லூரியில் அதற்கு ஆள் இருக்கிறது? இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகள் டூயியோடு நின்றுவிட்டன. பாடத்தைத் துண்டாக்கும் அவருடைய முறையை 1952-ல் லண்டனில் தொடங்கிய பகுப்பு ஆராய்ச்சிக் குழு எடுத்து வளர்த்தது. இங்கே அது பரீட்சைக்குப் பத்து மார்க் கேள்வி.

பொது நூலகங்களுக்கு அவர் பாடுபட்டு 1948-ல் சென்னை மாகாணச் சட்டம் வந்தது; சொத்து வரியோடு நூலக வரியும் வந்தது. கல்லூரி நூலகம் அந்தச் சட்டத்துக்குள் இல்லை. எங்களை ஆள்வது தணிக்கைக் குறிப்பு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2005-ல் புத்தகம் தொலைவதற்கு ஒரு வழி வைத்தன: ஆண்டில் வழங்கிய, பார்வையிட்ட நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு, நேர்மைக்கேடோ அலட்சியமோ இல்லாவிட்டால் குற்றமில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவை, அரிய நூல்கள் என்றால் மட்டும் விசாரணை. புத்தகத்தைப் புழங்கவிட்டால் சிலது தொலையத்தான் செய்யும் என்று அரசாங்கமே எழுதிவைத்த இடம் அது.

நானும் என் கல்லூரியில் பீரோக்களைத் திறந்துவிட்டிருந்தேன். அந்த விதி உள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, தணிக்கைக்கு வந்தவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, “இது சென்ட்ரல் கவர்ன்மென்ட்டுக்கு சார், உங்களுக்குப் பொருந்தாது” என்றார். தொலைந்தவற்றில் பெரும்பகுதி போட்டித் தேர்வுக் கைடுகள். அவற்றை மட்டும் மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, தமிழ், வரலாறு அலமாரிகளைத் திறந்தபடியே விட்டேன். அந்த அலமாரிகளில் தொலைந்த சில்லறைக்கு வருஷா வருஷம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வருஷா வருஷம் அதை ‘ஏற்புடையதல்ல’ என்று திருப்பினார்கள்.