கல்கத்தா வானத்தை அளந்த கதை

லேக் மார்க்கெட்டை அறியாத கல்கத்தாத் தமிழர் இலர். காப்பிப் பொடிக்கும் வாழை இலைக்கும் நாம் தேடிச் செல்லும் அக்கடைத் தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ரவீந்திர சரோவர் ஏரி வரும். அங்கே காற்றின் மாசை இரவும் பகலும் அளக்கும் நிலையம் ஒன்று உண்டு. அது தரும் எண்ணைப் பார்த்தே காலையில் உலாவப் போகலாமா என்று முதியோர் பலர் தீர்மானிக்கின்றனர். அந்த எண்ணுக்கு ஒரு நீண்ட முன்கதை இருக்கிறது. இந்நகரில் புகையை அளக்கத் தொடங்கிய காலத்தில் இயந்திரம் ஏதும் இல்லை. மனிதக் கண்ணே கருவி.

1855-ல் ஹூக்ளிக் கரையிலுள்ள ரிஷ்ராவில் சணல் நூற்பாலை எழுந்தது. அதே ஆண்டில் ராணிகஞ்ச் நிலக்கரி வயல்களுக்கு இரயில் பாதையும் எட்டியது. ஆலைகள் பெருகின, வானம் கறுத்தது. 1863-லேயே புகையை அடக்க ஒரு சட்டம் பிறந்தது, பயன் சொற்பமே. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து பிரெடரிக் குரோவர் என்னும் புகை நிபுணர் வரவழைக்கப்பட்டார். அதன் தொடர்ச்சியாக 1905-ல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் வந்தது.

அச்சட்டத்தின் கீழ் பணியாற்றிய இன்ஸ்பெக்டர்களின் கையிலிருந்தது வெறும் அட்டைதான். ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் வகுத்தது அது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாக வரைந்திருப்பார்கள். முதல் கட்டத்தில் நூற்றுக்கு 20 பங்கு கறுப்பு; அடுத்ததில் 40; இப்படியே ஏறி ஐந்தாவது முழுக்கறுப்பு. சற்றுத் தொலைவில் நிறுத்திப் பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து சாம்பல் நிறமாகத் தோன்றும். புகைபோக்கியிலிருந்து வரும் புகை எந்தக் கட்டத்தோடு ஒத்திருக்கிறதோ அதுவே அதன் அளவு. எளிமையான யுக்தி, அதை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. கண்ணால் கண்டதற்கு ஓர் எண் கிடைத்தமையால் அன்றோ ஆலை முதலாளியைப் பதில் சொல்ல வைக்க முடிந்தது!

ஆயினும் இரவில் அட்டை பயன்படாது. நிறமில்லாத கந்தக வாயுவும் அதற்குப் புலப்படாது. சட்டமோ மேலும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. பிணம் எரிக்கும் நெருப்பும் வீட்டுச் சமையல் அடுப்பும் அதன் வரம்பிற்குள் வாரா. அரசாங்கம் பிறர் வீட்டு அடுக்களைக்குள் நுழையத் துணியவில்லை. அது விவேகம் என்றே நாமும் சொல்வோம். ஆனால் மார்கழி மாலைகளில் பல்லாயிரம் கரியடுப்புகள் ஒரே வேளையில் மூட்டப்பட்டன. குளிர்ந்த காற்று தரையில் படிய, அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் கவிந்தது. தெருவெங்கும் புகை தேங்கிக் கண் எரிந்தது. அந்தப் புகைக்குக் கணக்கேயில்லை. சட்டத்தின் பெயரையும் கவனிக்க வேண்டும். அது புகையைத் தொல்லை என்றதே தவிர, நஞ்சு என்று சொல்லவில்லை.

1958-ல் நாகபுரியில் பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1974-ல் அது சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையமாகப் பெயர் மாறியது. அதன் விஞ்ஞானிகள் 1970-களின் இறுதியில் பெருநகரங்களில் தொடர்ந்து காற்றை அளந்தனர். கருவி காற்றை உறிஞ்சி ஒரு வடிதாளின் வழியே செலுத்தும். தாளை முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் தூசியின் எடை தெரியும். கண்ணிடமிருந்து தராசுக்கு வந்தோம். 1981-ல் காற்று மாசுச் சட்டம் வந்தது. 1984-ல் தேசிய அளவிலான கண்காணிப்புத் திட்டம் தொடங்கிற்று.

தராசும் முழு உண்மையைச் சொல்லிவிடவில்லை. சாலைப் புழுதியும் நுரையீரலின் ஆழத்தில் சென்று தங்கும் நுண்துகளும் ஒரே தாளில் படிந்தன. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட துகளுக்கு இந்தியா தனி வரம்பு விதித்தது 2009-ல்தான்: ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்ததோ 5.

2014-ல் அறிமுகமான காற்றுத் தரக் குறியீடு பல மாசுகளுள் மிகக் கொடியதை எடுத்து ஒரே எண்ணாகவும் நிறமாகவும் காட்டுகிறது. ஏரிக்கரை நிலையம் தரும் எண் அத்தகையதே. அதன் உறிஞ்சுகுழாய்க்கு ஆலைப் புகை, பேருந்துப் புகை, தெருவோரக் கரியடுப்பின் புகை என்ற வேற்றுமை கிடையாது. 1905-ன் சட்டம் கணக்கில் சேர்க்காத அடுப்பும் இன்று அந்த எண்ணுக்குள் அடக்கம்.