சயாலிக் அமில அச்சு நானோதுகள்கள்

புற்றுநோய் உயிரணுக்களின் மேற்பரப்பில் மிகுந்து காணப்படும் சயாலிக் அமிலம் என்னும் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு ஒளிரும் பாலிமர் துகள்கள் இவை. ஸ்வீடனின் மால்மோ பல்கலைக்கழகத்தில் பொர்யே செல்லெர்கிரேன் குழு இத்துறையின் முன்னணியில் உள்ளது. வேதியியலும் உயிரணு உயிரியலும் கைகோக்க வேண்டிய துறை என்பதால் முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு வளமான களமாகவும் இருக்கிறது.

இதன் வேர் ஒரு தவறான கோட்பாட்டில் இருக்கிறது. உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளையே வார்ப்பாகக் கொண்டு எதிர்ப்பொருள் மடிந்து உருவாகிறது என்று 1940இல் லைனஸ் பாலிங் சொன்னார். உடல் அப்படி இயங்குவதில்லை. ஆனால் வேதியியலில் அந்த எண்ணம் பலித்தது. அவரிடம் பயின்ற ஃபிராங்க் டிக்கி 1949இல் சாயப் பொருள்களை அச்சாக வைத்து சிலிக்கா கூழ்மம் தயாரித்தார். 1972இல் ஜெர்மனியின் குந்தர் வுல்ஃப் அதைக் கரிமப் பாலிமருக்குக் கொண்டுவந்தார். 1993இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் கிளாவ்ஸ் மொஸ்பாக் குழு, இத்தகைய பாலிமர்கள் தியோஃபிலின், டயசெபாம் ஆகிய மருந்துகளை எதிர்ப்பொருளைப் போலவே இனங்காண்பதைக் காட்டியது.

செய்முறை, மெழுகில் சாவியைப் பதித்து எடுப்பது போன்றது. சயாலிக் அமிலத்தைச் சுற்றிப் பாலிமரை வளரவிட்டுப் பிறகு அமிலத்தைக் கழுவி நீக்குவார்கள். எஞ்சும் குழியில் போரானிக் அமிலத் தொகுதி சர்க்கரையின் ஹைட்ராக்சில்களோடு மீள்பிணைப்பு கொள்ளும்; ஒளிரும் யூரியாத் தொகுதி அமில முனையைப் பிடிக்கும். இந்தப் பாலிமர் சிலிக்கா உள்ளகத்தின் மேல் மெல்லிய உறையாகப் படிந்திருக்கும். சர்க்கரைகளுக்கு எதிராக நல்ல எதிர்ப்பொருள் உருவாக்குவது கடினம் என்பதே இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம்.

2015இல் வெளியான ஆய்வில் டியூ145, பிசி3 என்னும் புராஸ்டேட் புற்றுநோய் உயிரணுக்களையும் ஜர்காட் என்னும் ரத்தப் புற்றுநோய் உயிரணுக்களையும் இத்துகள்களால் சாயமேற்றினர். ஒளிர்வின் அளவு, உயிரணுக்கள் மேற்பரப்பில் தாங்கியிருந்த சயாலிக் அமிலத்தோடு ஒத்துப்போனது. நொதியால் அந்தச் சர்க்கரையை வெட்டி நீக்கியும் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வின் உயிர்நாடி இந்தச் சோதனைதான். துகள் ஒட்டிக்கொண்டது என்பது மட்டும் சான்றாகாது. நானோதுகள்கள் உயிரணுவில் வெறுமனே ஒட்டவும் செய்யும், உள்ளே விழுங்கப்படவும் செய்யும். அதனால்தான் அச்சில்லாமல் அதே பாலிமரில் செய்த துகளை ஒவ்வொரு சோதனையிலும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். உப்புக் கரைசலில் துகள்கள் திரளாமல் காப்பதும், அச்சுப் பொருள் குழிகளில் தங்கிவிடாமல் கழுவுவதும் ஆய்வாளரின் பொறுமையைக் கேட்கும் வேலைகள்.

நலமான உயிரணுக்களிலும், குறிப்பாகச் சிவப்பணுக்களில் தாராளமாக, சயாலிக் அமிலம் உண்டு. ஆகவே இத்துகள் காட்டுவது அளவு வேறுபாட்டையே. ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் என்று கொள்ள முடியாது. இந்த முறை இன்னும் ஆய்வகக் கருவியாகவே இருக்கிறது. அடுத்த சர்க்கரையோடு சயாலிக் அமிலம் 2,3 வழியிலும் 2,6 வழியிலும் இணைகிறது. புற்றுநோயில் இவற்றின் விகிதம் மாறக்கூடும் என்பதால், இரண்டையும் பிரித்தறியும் குழிகளை வடிவமைப்பது இத்துறையின் முக்கியக் கேள்விகளுள் ஒன்று.